ஹக்கா நூடுல்ஸ்... அச்சன்புதூர் சாலையில் ஒரு கல்கத்தா கதை!

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், அருவியில் நனைந்த தலை காய்வதற்குள் பசி வயிற்றைக் கிள்ள ஆரம்பித்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி வட்டாரச் சாப்பாட்டுக் கடைகளில் மதிய நேரம் திருவிழாதான். பெரியவர்களுக்குப் புரோட்டாவும் கோழி வறுவலும். பிள்ளைகளுக்கு? சந்தேகமே வேண்டாம், காரம் தூக்கலாக நூடுல்ஸ்!

கூட்டத்தை விட்டு விலகி, வடக்கே அச்சன்புதூர் பக்கம் வண்டியைத் திருப்பினால் காட்சியே மாறிவிடும். மேற்கே மலைத்தொடர், சாலையோரம் வயலும் தென்னந்தோப்பும். பக்கத்து ஊரான வடகரையைத் தாண்டினால் மேக்கரை மலையடிவாரத்தில் அடவிநயினார் அணை. சற்றுத் தள்ளி பண்பொழி திருமலைக்கோவில். சுற்றிப் பார்த்துவிட்டு, நின்று நிதானமாகச் சாப்பிட ஏற்ற பாதை இது.

இந்தப் பக்கத்துச் சிறிய ஊர்களிலும் இன்று புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே நூடுல்ஸ் சட்டி ஏறிவிட்டது. முக்கால் பதம் வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் அடுப்பைக் கூட்டி, பூண்டு, முட்டைகோஸ், கேரட், சோயா சாஸ், சில்லி சாஸ், மிளகுத்தூள் என அடுத்தடுத்து விழும். இரண்டே நிமிடத்தில் தட்டு ரெடி.

மெனு கார்டில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று படிக்கிறோமே, ஹக்கா என்பது சுவையின் பெயரல்ல, ஒரு மக்களின் பெயர். தென் சீனாவிலிருந்து கல்கத்தா வந்து, தோல் பதனிடும் வேலையும் செருப்புத் தொழிலும் செய்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்கெல்லாம் முன்னோடி, 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்து ஹூக்ளி நதிக்கரையில் சர்க்கரை ஆலை நிறுவிய டோங் அச்சூ. அவர் பெயரால் அந்த ஊருக்கு அச்சிப்பூர் என்று பெயர். அச்சன்புதூருக்கும் அதற்கும் ஒலியில் மட்டும்தான் உறவு! அவருடைய கல்லறைக்குக் கல்கத்தா சீனர்கள் புத்தாண்டு சமயத்தில் இன்றும் போய் வருகிறார்கள்.

சீனச் சமையலில் இந்தியக் காரம் ஏறியது அந்த நகரத்தில்தான். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-ல் மும்பையில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸ் சேர்த்து உருவாக்கியதுதான் சிக்கன் மஞ்சூரியன். சீனாவில் இப்படி ஒரு பதார்த்தம் கிடையாது.

ஆனால், அந்த மக்களின் கதை அவ்வளவு ருசியானதல்ல. 1962-ல் இந்திய - சீனப் போர் மூண்டபோது, சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். இந்தியாவிலேயே பிறந்தவர்கள், பெண்கள், குழந்தைகள் யாரும் தப்பவில்லை. சிலர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். வெளியே வந்த பலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று டொரான்டோவில் அவர்கள் நடத்தும் உணவகங்களில் இதே ஹக்கா நூடுல்ஸும் சில்லி சிக்கனும்தான் பிரபலம். சீன முகம், இந்திய நாக்கு!

மனிதர்களைச் சந்தேகப்பட்டு அடைத்த தேசம், அவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்துவிட்டது.

சீசனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: நூடுல்ஸைப் பார்சல் வாங்காதீர்கள், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கடையிலேயே சூடாகச் சாப்பிடுங்கள். ‘ஹக்கான்னா என்னம்மா?’ என்று பிள்ளைகள் கேட்டால், தட்டு காலியாவதற்குள் இந்தக் கதையையும் சொல்லிவிடுங்கள்.