ஐப்பசி மழையும் அடுக்களையும்

ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் நம் குமரி மாவட்டத்துக் குடும்பங்களை மூச்சுவிட விடாமல் ஓட்டுபவை அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களே. மேல்நாட்டார் இப்பருவத்தை இலையுதிர் காலம் என்பர். இங்கே இலை உதிர்வதில்லை, மழைதான் பொழிகிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் கூரையைச் செப்பனிடலாம் என்று எண்ணுமுன்னரே, வடகிழக்குப் பருவமழை இடியோடு வந்து இறங்கிவிடுகிறது. இரு மழையையும் பெறுகின்ற நாட்டில் பிறந்தது நம் பேறு. இரண்டுக்கும் இடையே துணி உலர்த்துவது நம் தாய்மாரின் பாடு.

திருச்சபையின் நாட்காட்டியும் இம்மாதங்களில் சற்று அவசரமாகவே நடக்கிறது. அக்டோபர் செபமாலை மாதம். மாலைதோறும் அன்னையின் சுரூபம் வீடு வீடாக வருகிறது. வருகின்ற வீட்டில் தரையைக் கழுவி, விளக்கேற்றி, செபிக்க வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பியேனும் கொடுக்க வேண்டும். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. 1956-ஆம் ஆண்டு இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. மறுநாள் கல்லறைத் திருநாள். நவம்பர் இறுதியில் கோட்டாறு புனித சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேறுகிறது. டிசம்பர் 3 வரை உறவினர் வருவதும் போவதுமாக இருக்கும். அது முடிந்ததும் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. தேர்வு முடியுமுன்னரே குடில் கட்ட வேண்டும்.

இத்தனையையும் தாங்குவது பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்களை. அந்த அடுக்களையைத் தாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு பெண்.

எனக்கு மனைவி மக்கள் இல்லை. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குமக்களின் வீடுகளுக்குள் சென்று வருகிறவன் என்ற முறையில், வீடுகளில் நிகழும் சிறு விபத்துகளை ஓரளவு அறிவேன். செபமாலையின் நான்காம் காரணிக்கத்தில் பால் பொங்கி வழியும். வீட்டுத் தலைவி 'அருள் நிறைந்த' என்று தொடங்கிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடுவார். உலராத சீருடையைக் காலையில் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தப்போய், பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில் சட்டை கருகும். மிக்சியின் மூடி பறந்து, தேங்காய்த் துவையல் வெள்ளையடித்த சுவரெங்கும் கோலமிடும். ஓட்டின் இடுக்கில் ஒழுகும் நீருக்கு வைத்த பாத்திரத்தில், மின்சாரம் போன இருட்டில் தாத்தா கால் வைப்பார். பிறகு நினைத்துச் சிரிக்கத்தக்கவை இவை. ஆனால் நிகழ்ந்த நொடியில் எவரும் சிரிப்பதில்லை.

அந்த நொடியில் எழுகின்ற முதற்கேள்வி எது என்பதை நான் பல வீடுகளில் கவனித்திருக்கிறேன். 'யார் செய்தது?' என்பதே அது. பாத்திரம் உடைந்த ஓசை அடங்குமுன் அக்கேள்வி வந்துவிடுகிறது. காலில் கண்ணாடிச் சில்லு ஏறியதா என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது. சில வீடுகளில் வருவதேயில்லை. 'யார் செய்தது?' என்று கேட்டு விடை கண்டபின் அந்த வீடு எதைப் பெறுகிறது? உடைந்தது ஒட்டுவதில்லை. குற்றவாளி ஒருவர் கிடைக்கிறார்; அவ்வளவே.

என் இளமையில் நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஐப்பசியின் பெரிய கவலை நெல். இன்று எத்தனையோ வயல்கள் வீட்டுமனைகளாகவும் வாழைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. அன்று கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூவுக்கு வயலில் வேலை நடந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், வந்த நெல்லை அவித்து, முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து உலர்த்த வேண்டும். அவித்த நெல் நனைந்தால் வாடை பிடித்துவிடும். ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நெல்லுக்குக் காவலிருந்த அக்காள் திண்ணையில் கண்ணயர்ந்துவிட்டாள். மலைப்பக்கம் கறுத்ததும் மழை விழுந்ததும் ஒன்றாக நிகழ்ந்தன. சாலையில் வந்துகொண்டிருந்த அப்பா ஓடிவந்து, ஒரு சொல்லும் பேசாமல் பாயின் ஒரு முனையைப் பிடித்தார். அண்டை வீட்டார் இந்துக்கள். அந்த வீட்டு அம்மையும் மருமகளும் சுளவோடும் சாக்கோடும் ஓடிவந்தார்கள். பாதி நெல் தப்பியது, பாதி நனைந்தது. அடுத்த சில வாரங்கள் வாடை அடிக்கும் சோற்றையே உண்டோம். அக்காள் மட்டும் அன்றிரவு உண்ண வரவில்லை. அப்பா அவளைக் கூப்பிட்டு, "வா மக்களே, மழைக்கு நாமா நேரம் குறிக்கிறோம்?" என்றார். எங்கள் வீட்டில் அதைப்பற்றி நடந்த விசாரணை அதுவே. அப்பா அதிகம் படித்தவரல்லர். எனினும், பிற்காலத்தில் குருமடத்தில் அருளைப் பற்றிய பாடத்தைக் கேட்டபோது, அது எனக்கு முற்றிலும் புதிய பாடமாகத் தோன்றவில்லை.

திருக்குடும்பத்திலும் ஒரு வீட்டு விபத்து நிகழ்ந்தது. அதுவும் திருவிழாக் கூட்டத்தில். பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை லூக்கா தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பயணக் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒருநாள் வழி நடந்தபின்னரே பெற்றோர் அறிந்தனர். பிள்ளையைக் கவனிக்கத் தவறியது யார்? சூசையப்பர் மரியாளையும், மரியாள் சூசையப்பரையும் கேட்டிருக்கலாம். நற்செய்தியில் அத்தகைய ஒரு சொல்லும் இல்லை. இருவரும் சேர்ந்து தேடினர். சேர்ந்தே திரும்பி நடந்தனர். மூன்றாம் நாள் மகனைக் கண்டதும் தாய் கேட்ட கேள்வியைக் கூர்ந்து நோக்குங்கள். அதில் தந்தையின் துயரை முன்வைத்து, தம் துயரை அதனோடு சேர்த்து, இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார். மகன் அளித்த மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காததை ஒருவர்மீது ஒருவர் சுமத்தாமல், நாசரேத்துக்குத் திரும்பினார்கள். 1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறித்தது. பிழையே நேராத இல்லம் என்பது அதன் பொருளன்று. பிழை நேர்ந்தபோது ஒருவரையொருவர் கைவிடாத இல்லம் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கல்லறைத் திருநாளில் கண்டேன். கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தபோது, மனைவியின் கல்லறை அருகே நின்ற முதியவர் ஒருவர், சுற்றி நின்றோர் கேட்கவே என்னிடம் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் சவேரியார் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். பிள்ளைகளுக்குத் துணியெடுக்க வைத்திருந்த இருநூறு ரூபாயை மனைவி முந்தானையில் முடிந்திருந்தார். கூட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து பணம் போய்விட்டது. அத்தனை பேர் நடுவே, "உன் அப்பன் வீட்டுக் காசாக இருந்தால் இப்படித் தொலைப்பாயா?" என்று இவர் கேட்டுவிட்டார். அந்த அம்மையார் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த ஆண்டு திருவிழாவுக்குக் கால்வலி என்றார். அதற்கடுத்த ஆண்டு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றார். சாகும்வரை அவர் கோட்டாற்றுத் தேரைப் பார்க்கப் போகவேயில்லை.

"சாமி, அந்த இருநூறு ரூபாயை அடுத்த மாதமே சம்பாதித்துவிட்டேன். அவளைத் திரும்பக் கோட்டாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போக மட்டும் என்னால் முடியவில்லை" என்றார் பெரியவர்.

அருகில் நின்ற அவருடைய மகன், அன்றுதான் காரணத்தை அறிந்தவரைப்போலத் தலை கவிழ்ந்து நின்றார். புனிதர்களின் உறவை நாம் விசுவசிக்கிறோம். ஆகவே, உயிரோடிருந்தபோது கேட்காத மன்னிப்பை இன்று அவரிடம் கேளுங்கள், ஆண்டவர் அதைக் கொண்டு சேர்ப்பார் என்று அவரிடம் கூறினேன். மற்றவர்கள் போனபின்னும், தூறலில் மெழுகுவர்த்தி அணையாமல் உள்ளங்கையால் மறைத்தபடி அவர் அங்கேயே இருந்தார்.

இழப்பு எது, இழப்பல்லாதது எது என்று நம் மாவட்டத்துக்கு ஒரு நவம்பர் மாதம் கசப்பாகக் கற்பித்தது. 2017 நவம்பர் 30 அன்று, சவேரியார் திருவிழா நாட்களிலேயே, ஒக்கிப் புயல் வீசியது. ரப்பரும் வாழையும் சரிந்தன. ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. கடற்கரை ஊர்களிலோ, கடலுக்குப் போன தந்தையரும் மக்களும் பலர் திரும்பவேயில்லை. அந்நாட்களில் எந்த வீட்டிலும் உடைந்த ஓட்டுக்காக யாரும் சண்டையிட்டதாக நான் கேட்டதில்லை. ஆள் இருக்கிறார் என்பதே போதுமானதாயிருந்தது. மரங்கள் மீண்டும் தளிர்த்த பின், அந்த ஞானம் மெல்ல மறந்துபோயிற்று.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் மடலில், தயவு கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கோரல் ஆகிய மூன்று சொற்களும் குடும்பத்தில் குறைபடலாகாது என்று வலியுறுத்தினார். நம் வீட்டு முறைக்கு ஏற்ப ஒன்றிரண்டு மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஏதேனும் உடைந்தால், ஆளைப் பார்த்துவிட்டுப் பொருளைப் பாருங்கள். வேறொருவர் வீட்டு முன்னிலையில், குறிப்பாக மனைவியின் பிறந்த வீட்டைச் சொல்லிப் பேசாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆயுள் அதிகம். செபமாலைக்கு அண்டை வீட்டார் வருகின்ற நாளில், காப்பி போடுவதை ஆண்மக்களும் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டுத் தலைவி ஐந்து காரணிக்கங்களையும் உட்கார்ந்து சொல்லட்டும். செபத்தின் இடையில் பால் பொங்கினால், பொங்கட்டும். எழுந்து போய் அடுப்பை அணைப்பதும் அன்னைக்கு உகந்த பணிவிடையே.

இம்மாதங்களில் உங்கள் வீட்டில் பாத்திரங்கள் உடையலாம், பணம் தொலையலாம், நெல் நனையலாம். சூசையப்பரும் மரியாளும் தேடியதுபோல, தொலைந்ததைத் தேடச் சேர்ந்து நடப்பீர்களாக. நாசரேத்தூர் இல்லத்தின் அமைதி உங்கள் இல்லங்களில் தங்குவதாக.