ஈயத்தின் கனம்

பால்மரங்கள் நின்ற மண்ணில் இன்று புல்தரை விரிந்து கிடக்கிறது. மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அவற்றுள் சில கோல்ப் திடல்களாயின; மரம் சீவி வாழ்ந்தோரின் மக்களுள் சிலர் அத்திடல்களிலேயே வேலைக்கு அமர்ந்தனர். அத்தகைய திடலொன்றின் வண்டிக் கொட்டகையில் இருபத்தைந்து ஆண்டுகளாக மின்கலங்களைப் பேணி வந்தார் ஒரு முதியவர். 'பேட்டரிக்காரர்' என்பதே அவருக்கு வழங்கிய பெயர்.

அவ்வண்டிகளின் இருக்கையைத் தூக்கினால் ஆறு ஈய மின்கலங்கள் அணிவகுத்து நிற்கும். ஒவ்வொன்றும் 8 வோல்ட். ஆறும் சேர்ந்து 48. ஒன்றன் எடை ஏறத்தாழ 28 கிலோ. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே ஆக்கிய மின்கலத்தின் வழிவந்தவை இவை. உள்ளே இருப்பவை ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமுமே. ஆயினும் அவற்றைப் பேணுவது கைக்குழந்தையைப் பேணுவதை ஒக்கும். காய்ச்சி வடித்த நீரை மின்னேற்றம் முடிந்த பின்னரே நிரப்பவேண்டும். முன்னரே விளிம்புவரை நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். நீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தால் அது பாழ். மின்னேற்றாமல் பலநாள் போட்டுவைத்தாலோ தகடுகளில் வெண்படிவு இறுகிப்போகும். முதியவர் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, மிதவை 1.265ஐக் காட்டுகிறதா என்று கூர்ந்து நோக்குவார். அவருடைய சட்டைகளிலெல்லாம் அமிலம் தின்ற பொத்தல்கள். அவர் தந்தையார் தோட்டத்து ஆலையில் ரப்பர்ப் பாலை உறையவைக்க அமிலம் ஊற்றியவர். "இந்தப் பொத்தல் எங்கள் குடும்பச் சொத்து" என்று அவர் நகைப்பதுண்டு.

2022ஆம் ஆண்டில் வண்டிகள் மேட்டில் ஏறமாட்டாமல் நிற்கத் தொடங்கின. மீண்டும் ஈயமா, லித்தியமா என்று நிர்வாகம் முதியவரையே கேட்டது. லித்தியத்தின் விலை இருமடங்குக்கும் மேல். ஆனால் நீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயுளும் நெடிது. இரும்பு பாஸ்பேட் கலந்த அவ்வகையை 1990களில் அமெரிக்காவில் கண்டறிந்த குழுவின் தலைவர் குட்இனஃப், 2019இல் தம் 97ஆம் அகவையில் நோபெல் பரிசு பெற்றார். முதுமை எல்லோருக்கும் ஒரே விதமாக வாய்ப்பதில்லை போலும்!

"மாமா, லித்தியம் வந்துவிட்டால் உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று உடன் பணிபுரிந்த இளைஞன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வண்டி மேட்டில் நிற்கிறது, தம்பி. அதற்குத்தானே வழி கேட்டார்கள்?" என்றார் அவர். லித்தியம் வாங்குமாறே எழுதிக் கொடுத்தார்.

பெட்டிகள் வந்தன. வண்டிக்கு ஒன்று, ஏறத்தாழ 50 கிலோ. உள்ளே 3.2 வோல்ட் கலங்கள் பதினாறு வரிசையாய் இணைந்திருந்தன. மிகை ஏற்றத்தையும் மிகை வடிப்பையும் தடுக்கும் காவல் மின்சுற்றும் இருந்தது. இளைஞன் உற்சாக மிகுதியால் பழைய மின்னேற்றியையே அதில் செருகப் போனான். முதியவர் அவன் கையைப் பற்றிக்கொண்டார். ஈயத்திற்கென அமைந்த மின்னேற்றியின் அழுத்தமும் அது நிற்கும் முறையும் லித்தியத்திற்கு ஒவ்வா என்பதை அன்றுதான் அவன் அறிந்தான். கைப்பிடிவரை நாடா சுற்றிய சாவியையே இணைப்புகளில் பயன்படுத்தவும், பச்சை பூத்த கம்பி முனைகளை அகற்றிப் புதியவை பூட்டவும், சிறிய பெட்டி பழைய குழியில் ஆடாதிருக்கக் கட்டை வைத்து இறுக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். முதல் வண்டி ஓசையின்றி மேடேறியது. ஏறத்தாழ 120 கிலோ சுமை குறைந்ததால் அதன் பின்பகுதி சற்றே உயர்ந்திருந்தது.

மாலையில் பழைய இரும்பு வாங்குபவரின் லாரி வந்தது. ஈயத்திற்கு எடைக்கு எடை விலையுண்டு. ஏற்றுவதற்கு முன் முதியவர் குனிந்து, ஒவ்வொரு மின்கலத்தின் மூடியையும் கையால் தடவிப் பார்த்து இறுக்கினார். வழியில் யார்மேலும் அமிலம் தெறித்துவிடக்கூடாதே என்பது அவர் கவலை.