ஒரு மணி நேர ரொட்டி

2020 ஏப்ரல். கிழக்கு டெல்லி மயூர் விஹாரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாலை ஆறு மணிக்கு, எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் மத்திய அரசு அதிகாரி ஒருவர் சமையல் மேடை முன் நிற்கிறார். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில், டப்ளினிலிருந்து மகள்.

"புளிச்ச மோர் இருக்காப்பா?"

"அது ஒண்ணுதான் நிறைய இருக்கு."

மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் குடியிருப்பின் கேட் மூடப்பட்டது. திரிலோக்புரியிலிருந்து வந்து சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் உள்ளே வர முடியவில்லை. மனைவி இறந்து அப்போது எட்டு மாதம். அவருக்குத் தெரிந்த சமையல், காபியும் குக்கர் சாதமும். பகலுக்கு அது போதும். ஆனால் நாற்பது வருட டெல்லி வாசத்தில் ராத்திரி சாதம் சாப்பிடும் பழக்கம் போய்விட்டிருந்தது. சப்பாத்தி இடவோ வராது. இரண்டு வாரம் பாலும் பிஸ்கட்டுமாக ஓட்டினார். மகள் கேட்டால் "சாப்பிட்டாச்சு" என்பார். ஒருநாள் போனில் பின்னால் தெரிந்த காலி பிஸ்கட் உறைகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

டெல்லித் தமிழர் வீட்டில் ரொட்டி என்றால் சப்பாத்தி. பிரெட் என்றால் காய்ச்சல். அந்த பிரெட்டை வீட்டிலேயே செய்து ராத்திரிச் சாப்பாடாக உண்ணலாம் என்பதை அவர் நம்பவில்லை. கடையில் ஈஸ்டும் இல்லை. "ஈஸ்டே வேண்டாம், ஆப்ப சோடா போதும்" என்றார் மகள்.

அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது. ஈஸ்டின் நீண்ட உப்பலைத் தாங்கும் வலு அதில் குறைவு. 1830, 40-களில் சமையல் சோடா அங்கே பரவியபோது ஏழைக் குடியானவர் வீடுகள் அதைப் பிடித்துக்கொண்டன. மாவு, உப்பு, சோடா, வெண்ணெய் எடுத்த மோர். மூடியிட்ட இரும்புச் சட்டி, அதன் மூடி மேலும் கங்கு. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் கரியமில வாயு பொங்கும். அது அடங்குவதற்குள் மாவு அடுப்புக்குள் போய்விட வேண்டும். இதுதான் மொத்த ரகசியம்.

சோடா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடைத்தது. மேலே மனைவியின் கையெழுத்தில் 'ஆ.சோடா'. ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கச் சொன்னார் மகள். சீறிப் பொங்கியது. அவர் பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மூடினார்.

எல்லார் வீட்டையும் போல அந்த வீட்டு ஓவனிலும் வாணலிகள்தான் குடியிருந்தன. அவற்றை வெளியேற்றி முதல் ரொட்டியைச் செய்தார். அது கல். தவறு அவரிடம்தான். மனைவி சப்பாத்தி மாவு பிசைவதை வருடக்கணக்கில் பார்த்தவர், அதே போலப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்துவிட்டார். பிசையப் பிசைய மாவு ரப்பராகிறது, வாயுவும் போய்விடுகிறது. மேலும் சக்கியில் அரைத்த நம் ஆட்டா அதிகம் தண்ணீர் குடிக்கும். டப்ளின் அளவு மோர் அதற்குப் பத்தாது.

மறுநாள் பாதி ஆட்டா, பாதி மைதா, ஆக 450 கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சோடா. (கூடினால் சோப்பு வாடை.) ஒரு தேக்கரண்டி உப்பு. மோர் சுமார் 400 மில்லி. விரல்களை விரித்துக் கலந்து, ஒட்டும் பதத்திலேயே உருட்டித் தட்டில் வைத்தார். மேலே ஆழமாகக் கத்தியால் சிலுவைக் கீறல். தேவதைகள் வெளியேற வழி என்பார்கள் அயர்லாந்துக்காரர்கள். நடுப்பகுதி வேக வழி என்பதுதான் நிஜம். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-ல் அரை மணி.

"எடுத்துக் கவுத்துப் போட்டு அடியில தட்டுங்கப்பா. என்ன சத்தம் வருது?"

தேங்காய் வாங்குகிறவரைப் போலக் காதருகே வைத்துத் தட்டினார். உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம்.

மாவை அளந்ததிலிருந்து ஒரு மணி நேரம். ஆறவிடும் பொறுமை அவருக்கில்லை. கத்தியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிய்த்து, வெங்காயம் தக்காளி வதக்கலோடு சாப்பிட்டார். மகள் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிற்பகல் மூன்று மணி, வேலை நேரம்.

ஜூலையில் சமையல் அம்மாள் திரும்பி வந்தபோது மேடை மீது ஒரு ரொட்டி துணி மூடி இருந்தது. "யார் சார் செஞ்சது?" என்று கேட்டு, பதிலை நம்பாமல் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார்.

"உப்பு கம்மி சார். கொஞ்சம் ஓமம் போட்டிருக்கலாம்."

பாதியைத் தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.