நானுஓயாவில் அரைப்பேர்

மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்பவர்களில் பலர் நானுஓயாவை ஓர் ஊராகவே எண்ணுவதில்லை. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் என்பதே அவர்கள் அதற்குக் கொடுத்திருக்கும் மதிப்பு. பெட்டிகளை இறக்குவார்கள், குளிருக்குக் கழுத்துத் துணியை இழுத்துச் சுற்றிக்கொள்வார்கள், காத்திருக்கும் மோட்டார் வண்டியில் ஏறி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நுவரெலியாவை நோக்கிப் போய்விடுவார்கள். நானும் இருமுறை அப்படிச் செய்தவனே. மூன்றாம் முறை, சில ஆண்டுகளுக்கு முன்னர், நானுஓயாவைப் பார்ப்பதற்கென்றே போனேன்.

ஹட்டனைக் கடந்தபின் வண்டிக்கு அவசரம் என்பதே கிடையாது. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று ஒவ்வொரு நிலையத்திலும் இளைப்பாறி, பெருமூச்சு விட்டு, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒரு வளைவில் இடப்பக்கம் தெரிந்த தேயிலைச் சரிவு அடுத்த வளைவில் வலப்பக்கம் வந்து நிற்கும். இவ்வாறு 5,000 அடிக்கு மேல் ஏறிய பிறகே நானுஓயா வருகிறது. 1885-ஆம் ஆண்டில் இப்பாதை இங்கே வந்து நின்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1893-இல்தான் அது ஹப்புத்தளையை எட்டிற்று. 1903-இல் இங்கிருந்து நுவரெலியாவுக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறிய பாதை ஒன்றும் போட்டார்கள். பின்னர் அது இராகலை வரை நீண்டது, 1940-களில் மூடப்பட்டது.

எதிர் ஆசனத்தில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி நுவரெலியாவுக்கா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, நானுஓயாவுக்குத்தான்."

"நானுஓயாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சிரித்தார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். இம்மலைகளில் தேயிலை வளர்த்த வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தனியாக ஒரு பட்டாளம் இருந்தது. பகலில் தோட்டம் பார்த்தவர்கள் ஒருநாள் யுத்தத்துக்குப் போனார்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து மறுபடியும் தோட்டம் பார்த்தார்கள். துப்பாக்கி பிடித்த கை எப்படி மீண்டும் கணக்குப் புத்தகத்தைப் பிடித்தது? அதை அறிய வேண்டும் என்பதே என் ஆவல். பெரியவர் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பாட்டனார் ஒரு துரை பங்களாவில் வேலை செய்தவர். அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதைக் கூறுமுன், அந்தப் பட்டாளத்தின் வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

இலங்கையில் தொண்டர் படை 1881-இல் தோன்றியது. அது 1910-இல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரைப் பெற்றது. துரைமாருக்கென்று 'இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை' 1900-ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் தலைமையகம் கண்டி. ஐரோப்பியருக்கு மட்டுமே அதில் இடமுண்டு. நானுஓயாவைத் தாண்டிச் செல்லும் இதே இருப்புப் பாதையில் உள்ள தியத்தலாவையோ பழைய இராணுவ முகாம். தென்னாப்பிரிக்க யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகளை 1900-ஆம் ஆண்டு முதல் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்.

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் இப்படையைச் சேர்ந்த 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் கப்பலேறி எகிப்து சென்றார்கள். சூயஸ் கால்வாயைக் காத்தார்கள். பின்னர் அவர்களில் ஒரு பகுதியினர் கலிப்பொலிக் கரைக்கும் போனார்கள். ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகளின் தளபதியான பேர்ட்வுட்டுக்கு மெய்காவலராகவும் நின்றார்கள். பலர் வேறு படைப் பிரிவுகளில் அதிகாரிகளாக உயர்ந்தார்கள். பலர் திரும்பவேயில்லை.

திரும்பியவர்களின் நிலைமை என்ன? யுத்தம் முடிந்தவுடன் சிப்பாயின் பெயரை அரசாங்கம் முற்றிலும் அடித்துவிடுவதில்லை. 'வீட்டுக்குப் போ, உன் தொழிலைச் செய். ஆனால் கூப்பிட்டால் வரவேண்டும்' என்று சொல்லி வேறொரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது. இதுதான் ரிஸர்வ் அல்லது சேமப்படை. பிரிட்டனில் 1918-க்குப் பின் வீடு திரும்பிய சிப்பாய்களில் மிகப் பலரை 'இஸட் வகுப்பு' என்ற சேமப்படையில் எழுதினார்கள். ஜெர்மனி மறுபடியும் சண்டைக்கு வந்தால் அழைக்க வேண்டுமே என்ற எண்ணம். அப்பட்டியல் 1920 மார்ச் 31 வரை இருந்தது. தோட்டத்துத் துரைமாரோ தொண்டர்கள். வாழ்நாளில் பாதி அவர்களுக்கு இந்த நிலைமைதான். சீருடை பெட்டியில் மடித்து வைத்திருக்கும். பயிற்சிக்கு அழைப்பு வந்தால் அதை எடுத்து உடுத்திப் புறப்பட வேண்டும்.

"எங்கள் பாஷையில் சொன்னால், அவன் அரைப்பேர் போட்ட சிப்பாய்" என்றார் பெரியவர்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். முழுநாள் வேலை செய்தவருக்கு முழுப்பேர். பாதியில் நிறுத்தப்பட்டவருக்கு அரைப்பேர். பேரைச் 'செக்ரோல்' என்னும் புத்தகத்தில் கணக்கப்பிள்ளை எழுதுவார். விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று பேர் கொடுக்கும் இடத்துக்குப் 'பெரட்டுக் களம்' என்று பெயர். பட்டாளத்தாரின் 'பரேட்' என்ற சொல்தான் மலைநாட்டுத் தமிழில் பெரட்டாயிற்று. ஆயுதமே தொடாத மக்கள் நாள்தோறும் காலையில் பட்டாளத்து வார்த்தையால் அழைக்கப்பட்டு வரிசையில் நின்றார்கள் என்பதை எண்ணியபோது எனக்கு வியப்பாக இருந்தது.

பெரியவர் பாட்டனாரின் கதையைச் சொன்னார்.

"துரை யுத்தத்துக்குப் போகும்போது வாலிபன். திரும்பி வரும்போது காதோரம் நரைத்திருந்ததாம். வந்த மறுநாள் விடியுமுன்பே பெரட்டுக் களத்துக்கு வந்துவிட்டான். கணக்கப்பிள்ளையிடமிருந்து செக்ரோலை வாங்கி, தானே பேர் கூப்பிட்டான். முதல் பேரைப் பட்டாளத்தில் கத்துவதுபோல் கத்தினானாம். வரிசையில் நின்ற குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டன. அவன் நின்றான், கொஞ்சம் யோசித்தான், அடுத்த பேரை மெதுவாகச் சொன்னான். நாலு பேரைக் கூப்பிட்டதும் புத்தகத்தைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பங்களாவுக்குப் போய்விட்டான். அன்று முழுவதும் வெளியே வரவில்லை."

"ஏன்?" என்று கேட்டேன்.

"பாட்டனாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு காரணம் சொல்வார். கூப்பிட்ட பேருக்கெல்லாம் இங்கே 'ஆமாங்க' என்று பதில் வந்தது. அவன் இருந்துவிட்டு வந்த இடத்தில் பல பேருக்குப் பதில் வந்திருக்காது."

அதன்பின் சிறிது நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. பட்டாளத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புவது சட்டப்படி ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும் காரியம். மனிதனுக்கு அது அவ்வளவு சுலபமன்று. பட்டாளத்தில் எழுவதும் உண்பதும் உறங்குவதும் உத்தரவின்படி நடக்கும். பக்கத்தில் எப்போதும் தோழர்கள் இருப்பார்கள். மலை உச்சியில் தனி பங்களாவில் அந்தத் தோழமை ஏது? ஆயினும் அந்தத் துரைக்கு ஒரு வசதி இருந்தது. அவன் இல்லாத காலமெல்லாம் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை. தேயிலைச் செடிகள் காடாகிவிடவில்லை. அவன் விட்டுச் சென்ற இடத்தை வேறு பலருடைய கைகள் அவனுக்காகக் காத்து வைத்திருந்தன. வீடு திரும்பும் எந்தச் சிப்பாய்க்கும் முதலில் வேண்டியது இதுவே: அவன் இடம் அவனுக்காக இருக்க வேண்டும்.

வண்டி ரதல்லயை விட்டுப் புறப்பட்டது. பெரியவர் கேட்டார்: "அவன் பேரைப் பட்டாளமும் வைத்திருந்தது, தோட்டமும் வைத்திருந்தது. எங்கள் பேரை யார் வைத்திருந்தார்கள், தம்பி?"

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த 7 பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாத் தொகுதியின் பிரதிநிதி. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தது. பிரஜைகளல்லாதார் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடாது என்றார்கள். தோட்டங்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் நீங்கின.

அதே 1949-இல்தான் தோட்டக்காரர் ரைபிள் படையும் கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் 17-ஆம் இலக்க இராணுவச் சட்டப்படி சுதந்திர இலங்கையின் இராணுவம் அக்டோபர் 10-ஆம் தேதி உதயமாயிற்று. அச்சட்டத்தில் நிரந்தரப் படை, தொண்டர் படை, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சேமப்படை என்று நான்கு பட்டியல்கள் உண்டு. இதற்கு ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கவர்னர் ஜெனரல் ராஜாஜி பிரதேச ராணுவத்தைத் தொடங்கி வைத்தார். தொழிலை விடாமல் ஆண்டில் சில வாரம் பயிற்சி பெற்று, தேவைப்படும்போது வந்து நிற்கும் குடிமக்களின் படை அது. இரண்டு அயல் நாடுகள், ஒரு நாள் இடைவெளியில், 'கூப்பிட்டால் வருவோர்' யார் யார் என்று எழுத உட்கார்ந்தன!

தமிழருக்கு இலங்கைப் பட்டாளத்தில் இடமே இருக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அன்டன் முத்துக்குமாரு என்பவர் வழக்கறிஞர். 1934-இல் தொண்டர் படையில் அதிகாரியானார். தொண்டராக இருந்தவர் யுத்த காலத்தில் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டார். 1949-இல் புதிய இராணுவத்தில் சேர்ந்தார். 1955-இல் இலங்கையரான முதல் இராணுவத் தளபதியானார். சேமத்திலிருந்து சேவைக்கு வந்தவரின் கதை இது. அந்தக் கதவு அவருக்குத் திறந்தது. அதே 1955-இல் நானுஓயாவின் லயங்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குச்சாவடியின் கதவுகூடத் திறக்கவில்லை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்குப் பிரித்தார்கள். இந்த மலைகளிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அப்பெயர் ஏற்பட்டது. பட்டாளத்துக்குப் போகிறவனை வழியனுப்பும்போதும் அழுகை உண்டு. ஆனால் அவன் திரும்புவான் என்ற நம்பிக்கையும் கூட உண்டு. ஒப்பாரிக் கோச்சிக்குத் திரும்பும் பயணம் கிடையாது. அப்படிப் போனவர்கள் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டங்களிலேயே அமர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கே தேயிலை பயிரிட்டது. மதராஸ் ரெஜிமெண்டின் தலைமை நிலையமான வெல்லிங்டனும் அதே நீலகிரியில் இருக்கிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவரும், ஒரு நாட்டிலிருந்தே ஓய்வு கொடுக்கப்பட்டவரும் ஒரே மலையில் குடியேறினார்கள்.

இலங்கையிலேயே தங்கியவர்களில் பிரஜாவுரிமை பெறாதிருந்தோருக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கிடைத்தது. பட்டியலிலிருந்து நீங்கிய பெயர் திரும்பவும் பட்டியலில் ஏற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நானுஓயா வந்தது. பனிமூட்டம் தண்டவாளத்தின் மேல் படுத்திருந்தது. நிலையத்தில் சீருடையணிந்த இளைஞன் ஒருவன் கீழ்நோக்கிச் செல்லும் வண்டிக்காகக் காத்திருந்தான். அவன் தாயார் பக்கத்தில் நின்று, சோற்றுப் பொதியை அவன் பையில் வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் சிங்களத்தில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். பெரியவர் அவர்களைச் சிறிது நேரம் பார்த்தார்.

"இவனும் ஒரு நாள் சீருடையைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வருவான். அப்போது இந்த அம்மா இருக்க வேண்டும், இவன் இடம் இருக்க வேண்டும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாருங்கள், எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்" என்று அழைத்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் என்னைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்கு அழைத்துச் சென்றார். கூடைகளைத் தலையில் மாட்டிய பெண்கள் குளிரில் நெருங்கி நின்றார்கள். பேர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது. நாங்கள் அங்கே இருந்தவரையில் ஒரு பேருக்காவது பதில் வராமல் போகவில்லை. பெரியவர் அதைக் கேட்டபடி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.