பெட்டியின் மேல் மூன்று எழுத்து

நார்வேயின் வீக் ஊர் வாத்தியார் ஐயாவுக்கு,

இந்த மடலை நீங்கள் படிக்கப் போவதில்லை. தமிழ் உங்களுக்குத் தெரியாது. என் மகள் இதை ஆங்கிலத்தில் நாலு வரியாகச் சுருக்கி அனுப்பிவிடுவாள். ஆனால் நாலு வரியில் தீர்கிற கடன் இல்லை இது. முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஊரார் சொத்துக்கு வில்லங்கம் பார்த்தே கண்ணாடிக் கனம் ஏறியது. பழைய பதிவேட்டைப் பிரித்துவைத்து, மங்கிப்போன எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, அதில் இருப்பதை மட்டும் சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

என் மகள் வாழ்க்கைப்பட்டது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் மூர்ஹெட் என்ற ஊரில். சம்பந்தி வீட்டார் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு பயிரிடுகிறவர்கள். மகளின் பிரசவத்துக்குப் போன நான் பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து. போய்ப் பழகிய டீக்கடை இல்லை, பேச்சுக்கு ஆள் இல்லை. ஒருநாள் கம்பளி எடுக்க அவர்கள் வீட்டு நிலவறைக்குப் போனபோது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பைன் மரம், வளைந்த மூடி, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. நீல வண்ணத்தின் மேல் சிவப்புப் பூக்கொடி பாதி உரிந்து நின்றது. முன்பக்கத்தில் மூன்று எழுத்து: ஓ. எல். எஸ். அதன் கீழே 1854. ‘எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா நார்வேயிலிருந்து கொண்டுவந்தது’ என்றார் சம்பந்தி. பெயர் என்ன என்றேன். ‘ஓலே’ என்றார். எனக்கு அது ‘ஓலை’ என்றே காதில் விழுந்தது. என் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

 

அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தங்களுடைய அசல் குடும்பப் பெயர் ‘எஸ்’ என்று தொடங்கும் ஏதோ ஒரு பெரிய பெயராம். குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் இறங்கியபோது, அதை உச்சரிக்கத் தெரியாத அதிகாரி ‘லார்சன்’ என்று எழுதிவிட்டாராம். பெட்டியில் இருக்கும் எஸ்தான் சாட்சி. சில வருஷத்துக்கு முன்னால் ஒருவரிடம் நல்ல தொகை கொடுத்து வம்ச வரைபடமும் வாங்கியிருக்கிறார்கள். அது நார்வேயின் ஸ்வெர்ரே அரசன் வரை ஏறிப்போகிறது. 1202-இல் இறந்த அரசன். அவன் பெயரும் எஸ்ஸில்தானே தொடங்குகிறது! கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள்.

எனக்கு அரசனைப் பற்றித் தெரியாது. தேதியைப் பற்றித் தெரியும். எல்லிஸ் தீவு திறந்தது 1892-இல். பெட்டியில் இருப்பதோ 1854. முத்திரைத்தாள் அச்சாவதற்கு முன்பே அதில் பத்திரம் எழுதின கதை. அதுவும் போக, அந்தத் தீவில் அதிகாரிகள் பெயரை எழுதவே இல்லை. கப்பலில் எழுதி வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் மகள் மேசைக்கடியில் காலை மிதித்தாள்.

ஆனால் சம்பந்தி, ‘அப்படியானால் நீங்களே பாருங்கள்’ என்றுவிட்டார்.

வில்லங்கம் பார்ப்பதில் ஒரு வழி உண்டு. முதல் உடைமைக்காரனிடமிருந்து தொடங்கக் கூடாது. கையில் இருக்கும் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். அப்படியே போனேன். கல்லறைக் கல். 1900-ஆம் வருஷத்து அமெரிக்கக் குடிக்கணக்கு. எந்த வருஷம் இந்த நாட்டுக்கு வந்தாய் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய 1890 கணக்கைத் தேடினால், அது 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீக்குப் பிறகு அநேகமாக முழுதும் போயிருந்தது. பிறகு நிலப் பத்திரம். 1862-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்து பாடுபட்டவனுக்கு 160 ஏக்கர். அதற்கு முதலில் குடியுரிமைக்கு மனுப்போட வேண்டும். அந்த மனுவில் ஓலே, ‘ஸ்வீடன், நார்வே மன்னருக்கான விசுவாசத்தை’க் கைவிடுவதாகச் சத்தியம் செய்து பெருக்கல் குறிபோல் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தான். சம்பந்தியின் தம்பி உடனே, ‘நாம் ஸ்வீடன்காரர்களா?’ என்று திகைத்தார். 1814 முதல் 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே மன்னர் என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

திறவுகோல் கிடைத்தது லுத்தரன் சபையின் அடக்கப் பதிவில். நார்வேயிலிருந்து வந்த போதகர்கள் பழக்கதோஷத்தில் இறந்தவர் பிறந்த ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அதில் இருந்தது இரண்டே சொல்: வீக், சோங்ன். உங்கள் மொழியில் வீக் என்றால் சிறு விரிகுடாவாமே. நார்வே முழுக்க வீக்குகள். நல்லவேளை, சோங்ன் என்ற பகுதிப் பெயரையும் அந்தப் புண்ணியவான் எழுதிவைத்தார்.

அதன்பின் உங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கம். 1998 முதல் நடக்கிறது, காசு கிடையாது, மனு கிடையாது, நாளைக்கு வா என்று சொல்ல ஆளும் கிடையாது. நான் வேலை பார்த்த இடத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டேன். ஆனால் பதிவேட்டுப் பக்கம் திறந்ததும் கை நடுங்கிவிட்டது. கோதிக் எழுத்து. ‘ஈ’யும் ‘என்’னும் ஒரே கோணல். ‘ஹெச்’ வரிக்குக் கீழே வால் விட்டுக்கொண்டு போகிறது. மொழியோ டேனிஷ். இன்னும் பழைய ஏடுகளில் தேதிகூட இல்லை. ‘திரித்துவத் திருநாளுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு’ என்று இருக்கிறது. ஈஸ்டர் வருஷா வருஷம் நகரும், கூடவே அந்த ஞாயிறும் நகரும். நான் ஒன்பது நாள் முட்டி மோதிவிட்டு, உங்கள் ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெட்டியின் படத்தோடு உங்களுக்கு எழுதினேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. முதல் வரியே இதுதான்: ‘எஸ் என்பது பெயர் அல்ல. எஸ் என்றால் மகன்.’

ஓ என்பது ஓலே. எல் என்பது லார்ஸ். எஸ் என்பது ‘சொன்’, அதாவது மகன். லார்ஸ் மகன் ஓலே. பெண்ணின் பெட்டியாக இருந்தால் கடைசியில் ‘டி’ இருக்கும், மகள் என்பதற்கு. அந்தக் காலத்துப் பெட்டி, கரண்டி, கிண்ணம் எல்லாவற்றிலும் இப்படித்தான் எழுதினார்கள் என்றீர்கள்.

ஐயா, நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரின் முதல் எழுத்தையும் அப்பாவின் முதல் எழுத்தையும் முன்னால் போட்டுக் கையெழுத்திட்டே ஒரு உத்தியோகத்தை முடித்தவன் நான். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத ஊரிலிருந்து வந்தவன். எனக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும்? உங்களிடமும் தன் பெயர், அப்பா பெயர், குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்த மூன்றாவதும் மாறும். குடும்பப் பெயர் ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923-இல்தானாம். ஓலேயின் பெயரை எந்த அதிகாரியும் மாற்றவில்லை. அவனுக்கு மாற்றுவதற்கு ஒரு குடும்பப் பெயர் இருந்ததே இல்லை.

அதோடு விட்டிருந்தாலே நான் நன்றி சொல்லியிருப்பேன். நீங்கள் விடவில்லை. வீக் சபையில் பொருந்துகிற வயதில் லார்ஸ் மகன் ஓலே நாலு பேர். ஒருவன் ஒரு வயதில் இறந்துவிட்டான். ஒருவன் அங்கேயே கல்யாணம் செய்து கிழவனாகிச் செத்தான். ஒருவன் 1865 குடிக்கணக்கில் பக்கத்துப் பண்ணையில் வேலையாளாக நிற்கிறான். மிஞ்சியவன் எங்கள் ஆள். அப்போதும் உங்களுக்குத் திருப்தியில்லை. அமெரிக்காவில் அவன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைக் கேட்டு வாங்கினீர்கள். மூத்தவன் லார்ஸ், தாத்தா பெயர். இரண்டாமவனுக்கு மனைவியின் அப்பா பெயர். பெண்ணுக்கு ஓலேயின் அம்மா பெயர். ‘வழக்கப்படி சரியாக இருக்கிறது’ என்று எழுதினீர்கள். எங்களிடம் பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான் ஐயா, பெயரைத் தாங்குகிறவன். அதை மகளிடம் சொல்லி உங்களுக்கு எழுதச் சொன்னேன். அதற்கு மட்டும் நீங்கள் ஒரு ஆச்சரியக்குறி போட்டீர்கள். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றிலும் அது ஒன்றுதான்.

நீங்கள் படியெடுத்து அனுப்பிய வரிகளை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். 1832-இல் ஞானஸ்நானம். தகப்பன் ஹூஸ்மன், அதாவது பண்ணைக்காரர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு, அதற்கு வாடகையாக அவர் வயலில் உழைக்கிறவன். 1847-இல் திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கு. அம்மை குத்திய தேதி அதே கட்டத்தில் இருக்கிறது. குத்தாதவனுக்குத் திடப்படுத்தல் இல்லை என்பது அரசு விதி. பக்கத்தில் போதகர் போட்ட மதிப்பெண்: அறிவு சுமார், நடத்தை நன்று. நூற்றெழுபது வருஷம் கழித்து வந்த இந்த மார்க் ஷீட்டைப் படித்து என் மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெளியேறியோர் பட்டியலில் 1854 ஏப்ரல், ‘அமெரிக்காவுக்கு’.

மகன் போன பிறகு அம்மாவையும் நீங்களே தேடினீர்கள். 1865 டிசம்பர் 31-ஆம் தேதிக் கணக்கு. விதவை. ஒரு மாடு, ஆறு ஆடு. விதைத்தது கொஞ்சம் பார்லி, இரண்டு பீப்பாய் உருளைக்கிழங்கு. யார் வீட்டில் எத்தனை கால்நடை, எவ்வளவு விதை என்று வீடு வீடாக எழுதிய கணக்கு அது. எங்கள் அடங்கல் கணக்குப் பிள்ளைகள் பார்த்தால் கும்பிடுவார்கள்.

கப்பல் பெயர் கேட்டோம். அங்கேதான் நீங்கள் பெரிய மனிதர் ஆனீர்கள். 1849-இல் இங்கிலாந்து தன் கப்பல் சட்டங்களைத் தளர்த்திய பிறகு நார்வேக் கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கனடாவின் கியூபெக்குக்குப் போய், மரம் ஏற்றிக்கொண்டு திரும்பின. ஐம்பதுகளில் உங்கள் ஊரார் பெரும்பாலும் போன வழி அது. கியூபெக்கின் பயணிகள் பட்டியல் ஒழுங்காகக் கிடைப்பது 1865 முதல்தான். ‘அவன் அந்த வழியில் போயிருக்கலாம். கப்பல் எது என்று ஏடு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்’ என்றீர்கள். அந்த வசந்தத்தில் புறப்பட்ட கப்பல்களில் ஒன்றின் பெயரை நீங்கள் எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? சம்பந்தி அதையும் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். மூர்ஹெட்டில் நான் சந்தித்தவர்களில் பாதிப்பேர் தங்கள் முன்னோர் முதல் கப்பலிலேயே வந்ததாகச் சொல்கிறார்கள். 1825 ஜூலை 4-ஆம் தேதி ஸ்டவாங்கரிலிருந்து புறப்பட்ட ‘ரெஸ்டவ்ரேஷன்’ என்ற அந்தச் சிறு கப்பலில் ஏறியவர்கள் 52 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்து, நியூயார்க்கில் இறங்கியது 53. அத்தனை பேருக்கும் அந்தக் கப்பலில் இடம் பத்தாது.

காசு வாங்கிக்கொண்டு ராஜாவைக் கொடுத்தவரைப் பார்த்தோம். நீங்கள் காசு வாங்காமல் ஒரு குடிசையைக் கொடுத்தீர்கள். முப்பத்தோரு வருஷத்தில், ‘இந்த இடத்தில் பதிவு இல்லை’ என்று எழுதத் துணிந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். எழுதாமல் நிரப்பியவர்களால் எத்தனை குடும்பம் கோர்ட்டு வாசலில் நின்றது என்பதும் தெரியும்.

சம்பந்தி உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ‘ஒரே ஒரு மாடா?’ என்றார். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். வெளியே வெள்ளையாகக் கிடந்தது அவருடைய வயல். ‘ஒரு மாடு’ என்று மறுபடியும் சொன்னார். ஸ்வெர்ரே அரசன் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார். சம்பந்தியம்மாளின் ராஜ்யத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் அந்த 1865 வரியைப் பெரிதாக அச்செடுத்து பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியும் நிலவறையிலிருந்து மேலே ஏறிவிட்டது.

இன்னொன்று. மூர்ஹெட்டில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மரக்கோயில் இருக்கிறது. உங்கள் வீக்கில் இருக்கும் ஹொப்பர்ஸ்டாட் கோயிலின் அச்சு அசல் நகல். மூலக்கோயில் 1130 வாக்கில் கட்டியது என்கிறார்கள். இந்த நகலுக்குள் சம்பந்தி வீட்டார் எத்தனையோ கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள். மூலக்கோயில் இருப்பது ஓலேயின் ஊரில் என்று ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் சொன்ன மறுநாள் எல்லோரும் கிளம்பிப் போனோம். தார் வாசனையில், கூரையின் டிராகன் தலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, யாரும் பேசாமல் நின்றோம். பேத்திதான் அழுதாள், குளிரில்.

பணம் வேண்டாம் என்றீர்கள். காப்பிப்பொடி மட்டும் அனுப்பியிருக்கிறேன், சிக்கரி கலக்காதது. பெட்டியின் பூட்டுப் பக்கத்துப் படமும் நீங்கள் கேட்டபடி இதனுடன் வருகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். 1854 பட்டியலில் ஓலேக்கு அடுத்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் புண்ணியத்தில் இப்போது கொஞ்சம் படிக்க வருகிறது. ஒரு பெண், வயது பத்தொன்பது, அதே தேதி, அதே ‘அமெரிக்காவுக்கு’. ஓலேயின் மனைவி வேறு ஊர்க்காரி, அவள் வந்தது மூன்று வருஷம் கழித்து. அப்படியென்றால் இந்தப் பெண் யார்? நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள். பதிலை மட்டும் என் பெயருக்கு அனுப்புங்கள். சம்பந்தியம்மாளிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர்