புதினாவும் நிலச்சம்பங்கியும்

நிலத்தைப் பூவால் பெயரிட்டு அழைத்த மரபு நம்முடையது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மண்ணின் இயல்பை மலரில் கண்டனர் நம் முன்னோர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை நிரல்படுத்தியிருப்பதைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். ஆயின், ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தை எந்தத் திணையில் சேர்ப்பது? வேலம்பாளையத்தில் நாம் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் பின்புறம், துவைகல்லுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே நமக்கு வாய்த்த மண் அவ்வளவே. அதில் கறிக்குதவும் புதினாவை நடுவதா, கிழங்கிலிருந்து பூக்கும் நிலச்சம்பங்கியை நடுவதா என்று ஒரு வழக்கு நம் இல்லத்தில் எழுந்தது. தாயார் புதினாவின் பக்கம். மகள் பூவின் பக்கம். இருவர் வாதத்தையும் கேட்டு, இரண்டையும் வளர்த்துப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

மண்ணும் நீரும்

15 வேலம்பாளையம் என்று எண்ணோடு சேர்த்து வழங்கப்பெறும் ஊர் நம்முடையது. தனி நகராட்சியாக விளங்கி, 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. பனியன் கம்பெனிகளை நம்பிப் பல மாவட்டத்தாரும், இன்று பல மாநிலத்தாரும் வந்து குடியேறிய இடம். ஒரே சுற்றுச்சுவருக்குள் வரிசையாய் அமைந்த வீடுகளில் பல ஊர்ப் பேச்சும் கேட்கும். பல ஊர்க் குழம்பும் மணக்கும்.

இங்குத் தோட்டம் போட விரும்புவோர் முதலில் எண்ண வேண்டியது நீரை. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதைச் சார்ந்த நிலத்தடி நீரும் கெட்ட வரலாறு நாடறிந்தது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னர்க் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வலியுறுத்தப்பட்டது. எனினும் மண்ணில் இறங்கிய உப்பு ஓர் ஆணையால் மறைந்துவிடுவதில்லை. நம் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பு நீரே. குழாயில் வரும் ஆற்று நீரோ குடிக்கவும் சமைக்கவும் அளந்து செலவிடத்தக்கது. ஆகவே அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே நம் தோட்டத்திற்கு வாய்க்கால் ஆயின.

புதினாவின் இயல்பு

புதினா என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. வந்த சொல் என்று இன்று யாரும் அதனை எண்ணுவதில்லை. அந்த அளவிற்குத் துவையலிலும் பிரியாணியிலும் நோன்புக் கஞ்சியிலும் அது கலந்துவிட்டது. இதற்கு விதை தேட வேண்டுவதில்லை. சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்தெடுத்தபின், முற்றிய தண்டுகளை ஒரு குவளை நீரில் நிறுத்தினால் சில நாட்களில் கணுக்களில் வெண்மையான வேர்கள் இறங்கும். குப்பைக்குப் போக வேண்டியது குடும்பத்தில் ஓர் உறுப்பாகிவிடும்.

அரை நிழலும் ஈரமும் இருந்தால் போதும். மண்ணை ஒட்டி ஓடும் தண்டுகளால் அது தானே பரவும். கிள்ளக் கிள்ளத் தழைப்பது அதன் குணம். கிள்ளாது விட்டாலோ தண்டு நீண்டு, பூ வைத்து, இலை சிறுத்துப் போகும். கொடுப்பதனாலேயே இளமை காப்பது புதினா எனலாம். மின்தே என்னும் நங்கை சினத்திற்கு ஆளாகிக் காலடியில் மிதிபடும் செடியானாள் என்றும், மிதிபடுந்தோறும் மணம் வீசுகிறாள் என்றும் கிரேக்கர் கதை சொல்வர். செடியின் தன்மையை நன்கு அறிந்தோர் புனைந்த கதை அது.

அதற்குக் குறையும் உண்டு. அது நாள்தோறும் நீர் கேட்கும். உப்பு நீரை ஒரு வாரம் தொடர்ந்து ஊற்றினால் இலையின் ஓரம் கருகக் காண்கிறோம். அன்றியும், இடம் கொடுத்தால் பக்கத்துச் செடியின் வேருக்குள்ளும் புகுந்துவிடும். அதனை ஒரு தகரத்திலோ தொட்டியிலோ அடக்கி வளர்ப்பதே அறிவுடைமை.

நிலச்சம்பங்கியின் இயல்பு

கிழங்கில் பூக்கும் செடி என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் தோன்றுவது செங்காந்தளே. தமிழ்நாட்டின் மாநில மலராகிய அது, நம் மாவட்டத்துத் தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் மருந்து விதைக்காகப் பயிரிடப்படுகிறது. ஆனால் அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. சிறார் விளையாடும் முற்றத்திற்கு ஏற்றதன்று. எனவே நம் தேர்வு நிலச்சம்பங்கியாயிற்று.

கபிலர் நிரலில் நிலச்சம்பங்கி இல்லை, இருக்கவும் இயலாது. அதன் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்த அசுடெக்கு மக்கள் அதன் வெண்மை கருதி எலும்புப் பூ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இசுபானியர் வழியே கடல் கடந்து உலகெங்கும் பரவியது. வடநாட்டார் அதனை இரசனிகந்தா, அஃதாவது இரவில் மணப்பது என்பர். இன்று சத்தியமங்கலம் வட்டாரத்து உழவர்க்கு அது வாழ்வளிக்கும் பயிர். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரஜ்வல் போன்ற வகைகளும் பயிராகின்றன. ஓரடுக்குப் பூ மாலைக்கும், ஈரடுக்குப் பூ குவளையில் வைப்பதற்கும் உகந்தன.

25 முதல் 30 கிராம் வரை எடையுள்ள கிழங்குகளை வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்கிற்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி விட்டு நடுவது உழவர் முறை. அக்கணக்கின்படி நம் நிலத்தில் 24 கிழங்குகள் அடங்கும். நட்டபின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் புல்லைப் போன்ற இலையன்றி வேறொன்றும் காணோம். தாயார் நாள்தோறும் அதனை நோக்கிப் புன்முறுவல் பூப்பார்; மகள் வாய் திறவாள். பின்னர் ஒரு நாள் நடுவிலிருந்து தண்டொன்று நிமிரும். அதில் கீழிருந்து மேலாக மொட்டுகள் விரியும். அந்தி சாய்ந்தபின் அந்த மணம் சாக்கடை நாற்றத்தையும் எண்ணெய்ப் புகையையும் வென்று வரிசை வீடுகள் ஐந்தையும் நிறைக்கும்.

இதில் நம் உள்ளத்தைத் தொட்ட உண்மை மற்றொன்று. பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை. அதன் பக்கத்தே தோன்றும் சேய்க் கிழங்குகளே அடுத்த பூவைத் தருகின்றன. தாய் தன் சேமிப்பையெல்லாம் ஒரு பூந்தண்டிற்கு ஈந்து ஒதுங்கிக்கொள்கிறது.

ஒப்பீடு

புதினா நாட்கூலியைப் போன்றது: இன்று கேட்டால் இன்று தரும். நிலச்சம்பங்கி சேமிப்பைப் போன்றது: காத்திருந்தார்க்கே தரும். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழும் நம் ஊரில் இரண்டின் தேவையையும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அடுப்படிக்கு அன்றாடம் ஒன்று வேண்டும். பிள்ளையின் கல்விக்கென்று மண்ணுள் மறைந்து ஒன்று வளரவும் வேண்டும்.

நீர் வாராத நாட்களில் புதினா முதலில் துவளும். பின் ஒரு சொம்பு நீருக்கே தலை நிமிரும். கிழங்கோ இலை பழுத்தாலும் உள்ளே உயிரை வைத்துக் காத்திருக்கும். துன்பத்தை உடனே வெளிக்காட்டி உடனே மறப்பாரும், உள்ளடக்கி வாழ்வாரும் ஆகிய இருவகை மாந்தர் இவர்.

அயலாரோடு உறவு வளர்ப்பதிலும் இரண்டும் குறைந்தனவல்ல. "ஒரு கை புதினா கிள்ளிக்கட்டுங்களா அக்கா?" என்று தேனிப் பக்கத்திலிருந்து வந்த அடுத்த வீட்டுப் பெண்மணி கேட்பார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுச் சாமி படத்திற்கு நம் சம்பங்கி போகும். நோன்பு மாதத்தில் அவர் கிள்ளிய அதே புதினா மணக்கும் கஞ்சி அவர் வீட்டிற்குப் போகும். சுவர் ஒன்றேயானாலும் வாசல்கள் பல என்பதை இச்செடிகள் நமக்கு நினைவூட்டின.

இறுதித் தீர்ப்பு

இவ்வாறு இருக்கையில், பின்புறத்தில் மேலும் ஓர் அறை எழுப்பப்போவதாக வீட்டு உரிமையாளர் தெரிவித்தார். அவர் நிலம், அவர் உரிமை. ஆனால் வழக்கின் தன்மையே அன்று மாறிவிட்டது. எது சிறந்தது என்னும் வினா போய், எது நம்மோடு வரும் என்னும் வினா வந்தது.

அப்போதுதான் இரண்டின் பெருமையும் ஒருங்கே விளங்கிற்று. புதினா ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் ஏறி மாடிப்படியின் நிழலில் அமர்ந்தது. சம்பங்கிக் கிழங்குகளை, இலை பழுத்த பருவம் பார்த்து அகழ்ந்து, மண் உதிர்த்து, நிழலில் உலர்த்திச் சாக்குப் பையில் வைத்தோம். நட்டவை 24, சேய்களோடு கிடைத்தவை அதனினும் பன்மடங்கு. அண்டை வீடுகளுக்குப் பகிர்ந்தபின்னும் பை நிறைந்தே இருக்கிறது. மாவும் வேம்பும் நிலம் உடையார்க்கு உரியவை. நிலமில்லார்க்கு இறைவன் தந்த தோட்டம் இவை இரண்டுமே என்று தாயார் தீர்ப்புக் கூறினார், மகளும் உடன்பட்டாள்.

பாரசீகப் பெயர் பூண்டது ஒன்று. மெக்சிகோவில் பிறந்தது மற்றொன்று. இரண்டும் வந்தவையே. வேலம்பாளையத்தில் குடியேறிய நம்மில் பெரும்பாலோரும் அவ்வாறே. வந்த இடத்தில் வேர் விடுவதற்குப் பட்டா தேவையில்லை. ஒரு கணுவும் சிறிது நீரும் போதும் என்கிறது புதினா. பெயர்க்கப்பட்டாலும் பூக்கும் ஆற்றலை உள்ளே கொண்டு செல்லலாம் என்கிறது கிழங்கு. இதனைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் பலரும் வாடகை வீட்டுப் பிள்ளைகளே. அவர்கள் ஒரு தகரமும் ஒரு கிழங்கும் தேடிக்கொள்வார்களாக. மணத்திற்கு முகவரி வேண்டுவதில்லை.