அப்பாவின் நெற்றித் தழும்பு

1974ஆம் ஆண்டு. தில்லி கரோல்பாகில் நாங்கள் குடியிருந்த காலம். மகன் முகத்தைப் பார்த்து மூன்றாண்டுகளாகின்றன, ஒரு படமாவது அனுப்பலாகாதா என்று கும்பகோணத்திலிருந்து பாட்டி எழுதியிருந்தாள்.

அம்மா இரண்டு நாட்கள் திட்டமிட்டாள். கோட்டு அணிவதா, வெறும் சட்டையா? திருநீறு துலங்குமா? (கோட்டு கீழ்வீட்டுக்காரரிடம் இரவல் பெற்றது; இன்று சொல்வதில் வெட்கமில்லை.) ஸ்டூடியோக்காரர் வயதான பஞ்சாபியர். ஒரு விளக்கைப் பக்கவாட்டில் உயர்த்தினார். மறுபுறம் வெள்ளைத் திரையை நிறுத்தி நிழலை இளக்கினார். மூக்குக்கண்ணாடியில் ஒளி மின்னாதபடி முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொன்னார். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

படம் வந்தது. அழகுதான். ஆனால் நெற்றித் தழும்பைக் காணோம்! கேட்டபோது பெரியவர் பெருமிதத்துடன் விளக்கினார். நெகடிவில் பிசின் கலந்த மருந்தைத் தடவி, ஊசிபோல் கூர்தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவாராம். நெகடிவில் கருமை கூடிய இடம் தாளில் வெளுத்துவிடும். சுருக்கம், தழும்பு எல்லாம் மறையும். அதற்குத் தனிக்கூலிகூட அவர் வாங்கவில்லை.

அப்படியே அனுப்பிவிட்டோம். பாட்டியின் பதில் ஒரு கார்டில் வந்தது: "மகாமகக் குளத்துப் படியில் விழுந்து உடைந்த நெற்றி எங்கே? ரத்தத்தைத் துடைத்தவள் நான் அல்லவா?" வேறு படம் அனுப்புவதாக எழுதினோம். எழுதியதோடு சரி. மறு ஆண்டு பாட்டி காலமானாள்.

1986இல் அப்பா மறைந்தபோது சுவரில் மாட்ட அந்த ஒரு படந்தான் இருந்தது. அதே ஸ்டூடியோவுக்குச் சென்றோம். பெரியவர் நெகடிவுகளைக் காகித உறைகளில் ஆண்டுவாரியாக வைத்திருந்தார். நாங்கள் கேட்டதைப் புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு டர்பன்டைனில் நனைத்த பஞ்சால், தம் வேலைப்பாட்டைத் தாமே மெல்லத் துடைத்தெடுத்தார். இன்றைய கைப்பேசிகளிற் சில, கேளாமலே முகத்தை மெருகிட்டுத் தருகின்றன. அவற்றில் துடைத்தெடுக்க அடியில் ஏதும் இருப்பதில்லை. பென்சிலுக்கு அடியில் அப்பா இருந்தார்.

கண்ணுக்கடியிலுள்ள கருமையையாவது நீக்கட்டுமா என்று பெரியவர் கேட்டார். வேண்டாம் என்றோம்.

அம்மா இருந்தவரை, அந்தப் படத்துக்குச் சந்தனம் வைக்கும்போதெல்லாம் தழும்பை மறைக்காமல் சற்றுத் தள்ளியே வைத்தாள்.